கோல் பிடித்தவருக்கு ஒரு ஓட்டு

கூகையாற்று அணையில் ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், விடிந்து ஒரு நாழிகை ஆகியும் தென்கரையில் தூண்டில் போட்டு உட்கார்ந்திருந்த நாற்பத்தொரு பேருக்கும் ஒரு கெண்டைப்பொடிகூட மாட்டவில்லை; ஆனால் வடகரையில் வலைக்காரர்கள் நாற்பத்தொரு பேருக்கும் கீழுதட்டில் முள் மாட்டியிருந்தது. டீ குடித்துக்கொண்டிருந்தவனுக்கு டீயோடு மாட்டியது, பல் துலக்கியவனுக்கு வேப்பங்குச்சியோடு மாட்டியது, பெண்டாட்டியைத் திட்ட வாயெடுத்தவனுக்குத் திட்டு பாதியில் நிற்க மாட்டியது. முள்ளிலிருந்து கிளம்பிய நைலான் நரம்பு வாசலைக் கடந்து, தெருவைக் கடந்து, பரிசல் துறையின் படிகளில் இறங்கித் தண்ணீருக்குள் புகுந்து, அரை மைல் அகலத் தேக்கத்தை அடியோடு தாண்டி, தென்கரையில் யாரோ ஒருவர் பிடித்திருந்த மூங்கில் கோலின் நுனியில் போய் முடிந்தது.

பச்சியம்மா அன்று பிடித்திருந்தது அவளுடைய கோல் இல்லை, அவள் தம்பி வேடியப்பனுடையது. காலையில் அவனுக்குப் பால் ஊற்றிவிட்டு நேரே கரைக்கு வந்திருந்தாள், ஏனென்றால் தென்கரையில் எழவு வீட்டிலும் அடுப்பு எரிந்தாக வேண்டும், அடுப்பின் மேல் சட்டி இருந்தாக வேண்டும், சட்டிக்குள் கெளுத்தியோ ஜிலேபிக் கெண்டையோ கொதித்தாக வேண்டும். தக்கை முங்கியது. வழக்கம்போல ஒரு சுண்டு சுண்டினாள். எதிர்க்கரையிலிருந்து ஓர் அலறல் தண்ணீரின் மேலே வந்து சேர்ந்தது. அந்தக் குரலை அவளுக்குத் தெரியும். மீன்பிடி வாரியத்தின் தலைவர் தீர்த்தகிரியின் குரல் அது. மூன்று நாளைக்கு முன்னால், பொதுக்குழுவில் எழுந்து நின்று, ‘ஆளுக்கு ஒரு அடி’ என்று சொன்னதும் அதே குரல்தான்.

அதைச் சொல்லாமல் மேலே போனால் கதை நொண்டும். அணைக்கு ஒரு வாரியம், வாரியத்துக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு தேர்தல், தேர்தலில் வலைக்கு ஒரு ஓட்டு. இதுதான் சட்டம். வலைக்காரன் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வருவான், அதிகாரி வலையின் ஓரத்தில் இருக்கிற ஈய முத்திரையைப் பார்ப்பார், விரலில் மை வைப்பார், அவ்வளவுதான். தென்கரைத் தூண்டில்காரர்களும் வருஷா வருஷம் வாரியத்தில் பணம் கட்டி உரிமச் சீட்டு வாங்கினார்கள், கரையைக் கூட்டினார்கள், தண்ணீரில் எவனாவது செத்து மிதந்தால் முதல் ஆளாய் இறங்கித் தூக்கினார்கள். ஓட்டு மட்டும் கிடையாது. “தூண்டில் போடறது ஒரு தொழிலா? சோம்பேறி உக்காந்து தூங்கறதுக்கு ஒரு குச்சி. தூக்கத்துக்கெல்லாம் ஓட்டுக் குடுத்தா நாடு தாங்குமா?” என்று தீர்த்தகிரி இருபது வருஷமாகக் கேட்டுவந்தார், இருபது வருஷமாக வடகரை சிரித்துவந்தது.

சிரிப்போடு நின்றிருந்தால் பரவாயில்லை. அந்த வருஷம் தென்கரை முழுக்கக் கம்பிவேலி போட்டு வெளியூர்க் கம்பெனிக்குக் கூண்டுமீன் வளர்க்க விடப்போவதாகத் தீர்மானம் வந்தது. வேலி வந்தால் கரை இல்லை, கரை இல்லாவிட்டால் சட்டி இல்லை, தடுக்கலாமென்றால் கையில் ஓட்டு இல்லை. பத்தாவது வரை படித்த வேடியப்பன் ஒரு மனு எழுதினான். அதில் ஒரே ஒரு வரிதான்: ‘கூகையாற்று அணைக் கரையில் உட்கார்ந்து கையில் கோல் பிடித்தவர் யாராக இருந்தாலும் அவருக்கு ஒரு ஓட்டு.’ பொதுக்குழு நடந்த ஐஸ் கொட்டகைக்கு அதைத் தனியாக எடுத்துக்கொண்டு போனான். அக்காவும் கூட வருகிறேன் என்றாள். ஆம்பளைங்க கூட்டம், நீ வேண்டாம் என்று சொல்லிவிட்டான், கடைசியாகச் சொன்னது அதுதான்.

வடகரையில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய கட்லா மீன் வலையில் ஏறினால் பரிசல்களில் இருக்கிற அத்தனை பேரும் துடுப்பால் ஆளுக்கு ஒரு அடி அடிக்க வேண்டும், அடித்தவனுக்குத்தான் பங்கு. அடிக்காமல் நிற்பவன் நாளைக்குப் பொறாமையில் ஊரெல்லாம் பேசுவான் என்பதற்காக முன்னோர்கள் யோசித்து வைத்த வழக்கம். மனுவைப் படித்துவிட்டுத் தீர்த்தகிரி அந்த வழக்கத்தைத்தான் ஞாபகப்படுத்தினார். நாற்பத்தொரு பேர், நாற்பத்தொரு அடி. முதல் நாலு அடிக்கு வேடியப்பன் “அண்ணா” என்றான், பத்தாவது அடி வரைக்கும் “சாமி” என்றான், அதற்குப் பிறகு எண்ணியவர்களின் சத்தம் மட்டும் கேட்டது. கட்லாவுக்கு வைத்திருந்த ஐஸில் அவன் ரத்தம் உறைந்து, அந்த ஐஸ் இரண்டு நாள் வரைக்கும் விற்பனைக்குப் போனது. குடித்துவிட்டுப் பரிசலிலிருந்து தவறி விழுந்தான் என்று ஏட்டு எழுதிக்கொண்டார். கொட்டகையில் நடந்தது சாயங்காலத்துக்குள் இரண்டு கரைக்கும் தெரிந்துபோயிற்று, ஆனாலும் தூண்டில்காரனுக்குப் பரிசல் ஏது என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

இப்போது முள்ளுக்கு வருவோம். மாட்டிய அரைமணி நேரத்திலேயே வடகரை பரிசல்களை எடுத்துக்கொண்டு துடுப்புகளோடு கிளம்பியது, தூண்டில்காரர்கள் அத்தனை பேர் கையையும் முறிக்க. முன்னால் வந்த பரிசலில் மாதையன் என்பவன் துடுப்பைத் தலைக்கு மேல் தூக்கியபடி நின்றுகொண்டே வந்தான். அவனுடைய நரம்பு குப்பண்ணனின் கோலில் இருந்தது. குப்பண்ணன் ஒரு வம்புதும்புக்குப் போகாத மனுஷன், அவனே பயந்துபோய், பயத்தில் பலம் வந்து, கோலைப் பின்னால் சாய்த்து ஒரே இழுப்பாய் இழுத்துவிட்டான். மாதையனின் உதடு முதலில் பரிசலை விட்டு வந்தது, ஆள் அதற்குப் பின்னால் வந்தான். தண்ணீருக்கு அடியிலேயே வந்தான், வழியில் முங்கிக்கிடந்த கருவேல அடிக்கட்டைகளில் எல்லாம் மோதிக்கொண்டு வந்தான், கரையில் ஏறியபோது தாடை இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. வந்ததைப் பார்த்த குப்பண்ணன் கோலை மடியில் வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான், போலீஸ் வந்து எழுப்பும் வரை எழவில்லை.

அதைப் பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்த சின்னப்பொண்ணு தன் கோலைக் கீழே போட்டாள். விட்டுவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைத்தாள் பாவம். கோல் தானாக ஊர்ந்து தண்ணீருக்குள் போயிற்று. அதன் மறுமுனையில் இருந்தவன், துறையிலேயே பரிசலுக்காகக் காத்து நின்றவன், கல் படிகளில் தலை அடித்து அடித்து இறங்கி, தேக்கத்தின் அடியில் இழுபட்டு மதகு வழியாக வெளியே போனான். அவனைப் பொறுக்கி எடுக்க இரண்டு நாள் ஆயிற்று. வலைக்காரர்கள் சின்னப்பொண்ணுவின் வலது கையை முறித்த பிறகுதான் அவர்களுக்கே உறைத்தது: இழுத்தாலும் சாவு, விட்டாலும் சாவு. தென்கரைக்காரர்கள் கோலை ஆடாமல் அசையாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற வரைக்கும்தான் தாங்கள் உயிரோடிருக்க முடியும். அன்று சாயங்காலத்துக்குள் வடகரையிலிருந்து தென்கரைக்கு நிழலுக்குத் தார்ப்பாய் வந்தது, முதுகுக்குச் சாய்மானம் வந்தது, குண்டான் குண்டானாய்ச் சோறு வந்தது.

அப்புறம் ஊர் பழகிக்கொண்டது. எதற்குத்தான் பழகவில்லை ஊர்? நரம்பை அறுக்கப் பார்த்தார்கள், கத்தரியின் பல்தான் போயிற்று. ஆஸ்பத்திரி டாக்டர் முள்ளை எடுக்கப் பார்த்தார், எடுத்த இடத்தில் இன்னொன்று முளைத்தது, அவர் தையல் நூலை எடுத்து வைத்துவிட்டு வாய் கொப்பளிக்க மருந்து எழுதிக் கொடுத்தார். நரம்பு ஆள் போன இடமெல்லாம் நீண்டு வந்தது. பஸ்ஸில் ஏறினால் பஸ்ஸோடு வந்தது, கண்டக்டர் கதவை மூடாமல் ஓட்டச் சொன்னார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் தெருவில் குனிந்து குனிந்து நடக்கப் பழகினார்கள், பெண்கள் இரண்டு நரம்புக்கு நடுவில் பாவாடை உலர்த்தினார்கள், கல்யாணம் ஒன்றில் மாப்பிள்ளையின் நரம்புக்கும் சேர்த்து மாவிலை கட்டினார்கள். டீக்கடையில் ஸ்ட்ரா போட்டுக் கொடுத்தார்கள். வெறும் வாயை மென்றுகொண்டிருந்த பக்கத்து ஊர்களுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆயிற்று, ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகுட்டியோடு வேன் பிடித்து வந்து பார்த்துவிட்டு, கரையில் மிளகாய் பஜ்ஜி தின்றுவிட்டுப் போனார்கள்.

தென்கரையும் தன் பாட்டுக்கு ஒரு முறை வைத்துக்கொண்டது. கோல் போட்டவர் கையில் நின்றது, அவருக்கு ரத்த சொந்தமானவர் கையில் நின்றது. அடுத்த வீட்டுக்காரர் வாங்கினால் விலாங்கு மாதிரி நெளிந்து நழுவப் பார்த்தது. ஆகவே அண்ணன் எழுந்தால் தம்பி உட்கார்ந்தான், அம்மா குளிக்கப் போனால் மகள் பிடித்தாள், தூங்குகிறவர் தூங்க விழிக்கிறவர் விழிக்க வேலை நடந்தது. பச்சியம்மாவுக்கு மாற்றுக்கு ஆளில்லை. தாய் தகப்பன் எப்போதோ போய்விட்டார்கள், கல்யாணம் பண்ணிய இடத்திலிருந்து துரத்திவிட்டார்கள், ரத்தம் என்று இருந்தது வேடியப்பன் ஒருவன்தான். அவள் கோலைப் பிடித்தபடியே சாப்பிட்டாள், கோலை மணிக்கட்டில் கட்டியபடியே கண்ணயர்ந்தாள், கோலோடு புதர் மறைவுக்குப் போய்வந்தாள்.

கொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை என்று சொன்னால் அது பொய். ஒரு நாளைக்கு நூறு தரம் தோன்றியது. ஒரு முழம் இழுத்தால் போதும். தீர்த்தகிரி எதிர்க்கரையில் சோற்றை வாயில் வைக்கும்போது அவர் மெல்லுவதுகூட நரம்பு வழியாக அவள் உள்ளங்கைக்குத் தெரியும், இந்த வாய்தானே சொன்னது என்று அவளுடைய கட்டை விரல் தானாகக் கோலை அழுத்தும். ஆனால் செத்தவன் பொதுக்குழுவில் கை தூக்க முடியாது. தம்பி கேட்டது அவர் உயிரை இல்லை, ஓட்டை. அந்த ஓட்டைத் தன் கையால் ஒரு தரம் போட்டுவிட வேண்டும், அதற்குப் பிறகு எது நடந்தாலும் நடக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

தீர்த்தகிரியே ஒருநாள் அணைச் சாலையைச் சுற்றி வந்து அவள் எதிரில் நின்றார். உதடு வீங்கி, கிச்சிலிப்பழம் மாதிரி இருந்தது.

“வேலி போடமாட்டோம், எழுதித் தர்றன். இந்தக் கருமத்தை மட்டும் எடுத்துடு அம்முணி.”

“எடுக்கத் தெரியாதுங்க தலைவரே. என்ற தம்பி கேட்டதக் குடுங்க.”

“ஓட்டா? செத்தவனுக்கு எதுக்கு ஓட்டு?”

“நான் சாகலீங்களே.”

“குச்சி புடிக்கறவளுக்கெல்லாம் ஓட்டுன்னா வடகரைல எவன் என்னை மதிப்பான்?”

பச்சியம்மா கோலை ஒரு விரற்கடை உயர்த்தினாள். இருபது வருஷத் தலைவர் சேற்றில் மண்டி போட்டார், மோவாயில் ரத்தம் வழிந்து வெள்ளைச் சட்டையில் இறங்கியது. கூட வந்தவர்கள் கிட்டே வரவில்லை.

“குடுத்துத் தொலைக்கறன்,” என்றார்.

மறுவாரமே பொதுக்குழு கூடியது. மனுவில் இருந்த வரி எழுத்து மாறாமல் சட்டத்தில் ஏறியது, மிச்சமிருந்த முப்பத்தொன்பது வலைக்காரர்களும் நரம்பு ஆட ஆடக் கை தூக்கினார்கள். முள் மாட்டிய அன்று கோல் போட்டிருந்த நாற்பத்தொரு பேரும் தூண்டில்காரர் பட்டியலில் ஏறினார்கள், அந்த வருஷத்துத் தேர்தலுக்கு நாள் குறித்தார்கள். தலைவர் பதவிக்குத் தீர்த்தகிரி துடுப்புச் சின்னத்தில் நின்றார், பச்சியம்மா பானைச் சின்னத்தில் நின்றாள். தென்கரைப் பள்ளிக்கூடத்தில் வாக்குச்சாவடி. எந்தச் சாவடியிலிருந்தும் நூறு மீட்டருக்குள் மீன்பிடி சாமான் எதுவும் வரக்கூடாது என்று ஒரு விதி. எதிராளி மேல் வலை வீசி அமுக்கிவைத்து ஓட்டுப்போட விடாமல் செய்கிற கெட்ட பழக்கம் முன்பு இருந்ததால் வந்த விதி. அதனால் தோளில் வலையோடு வருகிறவனுக்கும் நூறு மீட்டர் தள்ளியே முத்திரை பார்த்து, வலையை அங்கேயே வைக்கச் சொல்லி உள்ளே அனுப்புவார்கள். இந்த விதியைக் கேட்டபோது முள் மாட்டிய பிறகு முதன்முறையாகத் தீர்த்தகிரி சிரித்தார்.

தேர்தலன்று காலையிலிருந்து தென்கரைக்காரர்கள் ஒவ்வொருவராகத் தம்பியிடமும் மகளிடமும் கோலைக் கொடுத்துவிட்டுப் போய் ஓட்டுப் போட்டுவிட்டு, மை வைத்த விரலைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். சின்னப்பொண்ணு கட்டுப்போட்ட கையோடு போய் இடது கையால் குத்தினாள். குப்பண்ணன் ஜெயிலில் இருந்ததால் வரமுடியவில்லை. வலைக்காரர்களும் வந்தார்கள், அவரவர் நரம்பு பின்னால் வர; உதட்டில் இருப்பது சாமான் கணக்கில் வராது என்று அதிகாரி விட்டுவிட்டார். ஐந்து மணிக்குச் சாவடியை மூட வேண்டும், நாலரைக்கு வலைக்காரர் ஓட்டு முப்பத்தொன்பது, தூண்டில்காரர் ஓட்டு முப்பத்தொன்பது. பாக்கி இருந்தது பச்சியம்மா ஒருத்தி. சமமாக வந்தால் பழைய தலைவரே நீடிப்பார் என்பதும் சட்டம்தான்.

“பெட்டியை இங்க கொண்டாங்க சார். நூறு மீட்டர் தள்ளித்தான் இருக்கறன்,” என்று அவள் தேர்தல் அதிகாரி ஞானசேகரனிடம் கெஞ்சினாள்.

“பெட்டி நகரக்கூடாதும்மா. நான் என்ன பண்ணட்டும்?” என்றார் அவர். நல்ல மனுஷன்தான், ஆனால் விதிப் புத்தகத்தைக் கட்டிக்கொண்டு பிறந்தவர்.

தீர்த்தகிரி அவளுக்கு இருபதடி தள்ளி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் உதட்டிலிருந்து கிளம்பிய நரம்பு எதிரில் இருந்த தண்ணீருக்குள் இறங்கி, எவ்வளவு தூரம் போய்த் திரும்பியதோ, அவள் கோலுக்கு வந்து சேர்ந்தது. பக்கத்தில் விலங்கோடு ஒரு போலீஸ்காரரை நிறுத்தியிருந்தார்.

“கோலப் போட்டுட்டுப் போ பச்சியம்மா. நான் செத்துப்போறன். ஆனா நீ நாலடி நடக்கறதுக்குள்ள கையில விலங்கு ஏறிரும். கைதானவளுக்கு ஓட்டு உண்டான்னு அந்த அதிகாரியக் கேளு.”

அவள் கேட்கவில்லை. தெரிந்ததுதான். நாலே முக்கால் ஆயிற்று. கரை முழுக்க ஆட்கள் அவளையே பார்த்தார்கள். தம்பியின் கோல் கையில், தம்பியைக் கொன்றவன் எதிரில், தம்பி கேட்டது நூறு மீட்டர் தூரத்தில். மூன்றையும் ஒன்றாகப் பிடிக்க அவளுக்கு மூன்றாவது கை இல்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கண்ணைத் துடைக்கக் குனிந்தபோதுதான் நரம்பைப் பார்த்தாள். நாற்பது நாளாக அவர் உதட்டிலிருந்து வடிந்ததைக் குடித்துக் குடித்து நரம்பு கோலின் நுனி வரைக்கும் சிவந்துகிடந்தது. அடுத்த வீட்டுக்காரன் கையில் நிற்காது, ரத்தமானால் நிற்கும். இவரைவிடப் பெரிய ரத்த சொந்தம் இந்தக் கோலுக்கு வேறு யார்?

எழுந்து நடந்துபோய்த் தீர்த்தகிரியின் கையில் கோலை வைத்தாள். கொடுத்ததை வாங்குகிற பழக்கத்தில் அவர் வாங்கிக்கொண்டார். கோல் நெளியவில்லை.

“இழுத்து வலிச்சுடாதீங்க,” என்றாள். “இது வலையில்ல. வலிக்கக் கூடாது, விடவும் கூடாது. சும்மா வச்சிருங்க, அஞ்சு நிமிசத்துல வந்து வாங்கிக்கறன்.”

சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்தைப் பார்த்து நடந்தாள். போலீஸ்காரருக்கு எதற்குக் கைது செய்வது என்று தெரியவில்லை. தீர்த்தகிரி கையில் இருந்த கோலைப் பார்த்தார், அவள் முதுகைப் பார்த்தார், நாற்பது நாளைக்குப் பிறகு தன் உயிர் தன் கைக்கு வந்துவிட்டது என்று புரிந்ததும் எழுந்து நின்று கத்தினார்.

“பாத்துட்டு நிக்கறீங்களே! ஆளுக்கு ஒரு அடி!”

முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவது அடி இடது முழங்கையை முறித்தது, முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. மூன்றாவது நெற்றியில். நாலாவது துடுப்பு ஓங்கியபோது தென்கரையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும், யாரும் யாருக்கும் சொல்லாமல், கோல்களை ஒரு சாண் உயர்த்தினார்கள். முப்பத்தெட்டு வலைக்காரர்களும் ஒரே நேரத்தில் முகம் குப்புற மண்ணில் விழுந்து, உதடு இழுபட, மாடு மாதிரி கத்தினார்கள். ஒருவரும் அதற்கு மேல் இழுக்கவில்லை. பச்சியம்மா விழுந்துகிடந்தவர்களின் நடுவே காலை எட்டி எட்டி வைத்து நடந்து சாவடிக்குள் போனபோது மணி ஐந்துக்கு நாலு நிமிஷம் இருந்தது.

ஞானசேகரன் அவளைப் பார்த்துவிட்டு எழுந்தே விட்டார். “அம்மா, மொதல்ல ஆஸ்பத்திரி...”

“சீட்டக் குடுங்க சார்.”

விரலில் மை வைத்தார்கள். நெற்றியில் ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. சீட்டில் ஒரு சொட்டு விழுந்தாலும் செல்லாத ஓட்டு என்று தள்ளிவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும், அதனால் முந்தானையைப் பல்லால் இழுத்து நெற்றியை அழுத்தி, தலையைப் பின்னால் சாய்த்து வைத்துக்கொண்டு, கீழ்க்கண்ணால் பானையைத் தேடினாள். அப்போதுதான் வெளியே கூச்சல் கேட்டது. ‘வலிக்காதீங்க தலைவரே, வலிக்காதீங்க’ என்று பல குரல்கள்.

அவளுக்குப் புரிந்துபோயிற்று. நாற்பது வருஷம் வலை இழுத்த கை அது. கையில் கயிறு என்று ஒன்று வந்தால் வலைக்காரனுக்குத் தெரிந்த ஒரே வேலை வலிப்பது, கை மாற்றிக் கை மாற்றி வலித்து எல்லாவற்றையும் தன் பக்கம் சேர்த்துக்கொள்வது. நரம்பை முழுக்க வலித்துச் சுருட்டிவிட்டால் விடுதலை என்று நினைத்திருப்பார். வலிக்க வலிக்க மறுமுனையில் இருந்த உதடு தண்ணீருக்குள் இறங்கும், மறுமுனை யாருடையது என்பது கைக்குத் தெரியாது. ஓடிப்போய்ப் பிடிக்கலாம். முத்திரைக் கட்டை கையில் இருந்தது, சீட்டு எதிரில் இருந்தது. பச்சியம்மா முதலில் குத்தினாள். மை மறுபக்கம் ஒட்டாமல் ஒழுங்காக மடித்தாள். பெட்டியில் போட்டாள், விழுந்த சத்தத்தைக் கேட்டாள். அதற்குப் பிறகுதான் ஓடினாள்.

தீர்த்தகிரி கழுத்தளவுத் தண்ணீரில் இருந்தார், இன்னும் வலித்துக்கொண்டிருந்தார், ஒவ்வொரு வலிப்புக்கும் ஒரு அடி உள்ளே போனார். தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன முழம் என்ன என்பார்கள், அவருக்கு இன்னும் அந்தச் சாண் பாக்கி இருந்தது. போகட்டும் என்று விட்டால் உயிர் போய்விடும். யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். கரையில் நின்று, மூச்சு வாங்க, அவள் பத்துத் தரம் இதை நினைத்தாள்.

“கையை நிறுத்துங்க!” என்று கத்தினாள். “உங்களையேதான் இழுக்கறீங்க! நிறுத்துங்க!”

தென்கரைக்காரி ஒருத்தி சொன்னதை அந்த மனிதர் கேட்டது அதுதான் முதல் தரம். கை நின்றது. அப்படியே, கோலை மாரோடு அணைத்துக்கொண்டு, பல் கிட்டிக்க நின்றார். அவர் நின்றுகொண்டிருக்கும்போதே எண்ணி முடித்து மைக்கில் சொன்னார்கள்: பானை நாற்பது, துடுப்பு முப்பத்தொன்பது. சொன்ன அதே நேரத்தில் மற்ற முப்பத்தெட்டு உதடுகளிலிருந்தும் முள் தானாகக் கழன்று விழுந்தது. உதடு விடுபட்டதும் பாதிப் பேர் ஸ்டேஷனுக்குப் போய் ஐஸ் கொட்டகையில் நடந்ததைச் சொன்னார்கள், வழக்குப் பதிவாகி இன்றுவரைக்கும் வாய்தா நடக்கிறது. தீர்த்தகிரியின் முள் மட்டும் கழலவில்லை, ஏனென்றால் அதன் கோல் அவர் கையிலேயே இருந்தது. வேறு யார் வாங்கினாலும் நழுவியது. பச்சியம்மா வாங்கினால் நிற்கும், ஆனால் அவள் கைமுறிவுக்குக் கட்டுப் போட்டிருந்தாள், கட்டு இல்லாவிட்டாலும் வாங்கியிருக்கமாட்டாள். போலீஸ் வந்து பார்த்தது, நரம்போடு ஜெயிலுக்குள் வைக்க இடமில்லை என்று கரையிலேயே காவல் போட்டது. ஆகவே அவர் தென்கரையில், தார்ப்பாய் நிழலில், கோலை ஆடாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மற்றவர்கள் சற்றுத் தள்ளி உட்கார்ந்து மீன் பிடித்தார்கள்.

புதிய வாரியத்தின் முதல் கூட்டத்துக்கு அவருடைய மனைவி ஒரு மனு கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டுத் தலைகுனிந்து நின்றாள். தீர்த்தகிரி இப்போது வலை இழுப்பதில்லை, அதனால் வலைக்காரர் பட்டியலில் அவர் பேர் செல்லாது. கரையில் உட்கார்ந்து கையில் கோல் பிடித்திருக்கிறார். ஆகவே தூண்டில்காரர் பட்டியலில் சேர்த்து அவருக்கு ஒரு ஓட்டுத் தரவேண்டும்.

ஐஸ் கொட்டகை கொதித்தது. “கிழிச்சுப் போடு அக்கா!” என்றான் ஒருவன். “அவனுக்கு ஓட்டா? வேடியப்பன் ரத்தம் இன்னும் இந்தத் தரையில கெடக்குது!” என்று முறிந்த கையைத் தூக்கிக் காட்டிச் சின்னப்பொண்ணு கத்தினாள். பச்சியம்மா சட்டப் புத்தகத்தைத் திறந்து அந்த வரியைப் படித்தாள். வாய்விட்டுப் படித்தாள். ‘யாராக இருந்தாலும்’ என்ற இடத்தில் குரல் உடைந்தது, மறுபடி முதலிலிருந்து படித்தாள், மறுபடியும் அங்கேயே உடைந்தது. யாராக இருந்தாலும் என்று எதுக்கடா எழுதினே பாவி என்று தம்பியைத் திட்டினாள். நல்லவனுக்கு மட்டும் என்று எழுதக்கூடாதா, நம்ம ஆளுக்கு மட்டும் என்று எழுதக்கூடாதா, பத்தாவது படித்தவனுக்கு அது தெரியாதா என்று எல்லோருக்கும் எதிரில் மேஜையில் தலை வைத்து அழுதாள். யாரும் கிட்டே வரவில்லை.

அழுது முடித்த பிறகு மையில் பேனாவை நனைத்து, நல்ல கையால், நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். தூண்டில்காரர் பட்டியலில் நாற்பத்திரண்டாவது பேராகத் தீர்த்தகிரியின் பேர் ஏறியது.